ஜி.டி. நாயுடுவும் எங்க மாமா காரும்

முதல்லயே சொல்லிடறேன். நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க, என்னை விட்ருங்க.

இந்தக் கட்டுரை ஜி.டி. நாயுடுவைப் பத்தினது. ஆனா அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி உங்களை எங்க மாமா காருல கொஞ்ச தூரம் ஏத்திக்கிட்டுப் போகணும். ஏன்னா அந்தக் கார் மட்டும் ஒழுங்கா ஓடியிருந்தா நான் நாயுடுவைப் பத்திப் படிச்சிருக்கவே மாட்டேன்.

மாமா கோவில்பட்டியில கடலை மிட்டாய் லைன் போடுறவர். காலையில டப்பாக்களை ஏத்திக்கிட்டு எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம், இல்லைன்னா சாத்தூர், விருதுநகர் பக்கம்னு கடை கடையாப் போவார். வண்டி ஒரு பழைய பெட்ரோல் கார். பின்சீட்டைக் கழட்டிட்டு அந்த இடம் முழுக்க டப்பா. போன வருஷம் அந்தக் கார் ஒரு பழக்கம் பழகிக்கிச்சு. வேகமாப் போகும்போது ஒண்ணும் இல்லை. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்து வேகம் குறைய ஆரம்பிச்சா, நாப்பதுக்குக் கீழ வரும்போது டக்குன்னு ஒரு குலுக்கல். யாரோ பின்னாடி இருந்து பம்பரைப் பிடிச்சு இழுத்து விட்ட மாதிரி. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் இதே கதை. டப்பா எல்லாம் முன்னாடி சரியும். ஒரு நாள் ரெண்டு டப்பா உடைஞ்சு பாகு உருண்டை கியர் லீவர் கிட்ட வரைக்கும் வந்துடுச்சு.

வீட்டுல ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் வளர்றான் இல்லையா, அவன்கிட்ட கேட்டாங்க. நானும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். குலுங்கும்போது கிளட்ச்சை மிதிச்சேன். குலுக்கல் நின்னுடுச்சு. மறுபடி செஞ்சு பார்த்தேன், மறுபடியும் நின்னுச்சு. உடனே தீர்ப்பு சொல்லிட்டேன்: கிளட்ச் பிளேட் போயிடுச்சு. மாமா மறுபேச்சு பேசாம ஒன்பதாயிரம் ரூபா செலவு பண்ணி கிளட்ச் செட் மாத்தினார். கடலை மிட்டாய்ல ஒன்பதாயிரம் லாபம் பார்க்க எத்தனை கடை ஏறி இறங்கணும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புது கிளட்ச்சோட முதல் ஸ்பீட் பிரேக்கர். டக்.

அந்த வாரம் பூரா வீட்டுக்கே போகலை. ஹாஸ்டல்ல உக்கார்ந்து எதையோ தேடும்போதுதான் நாயுடு வந்தார்.

நமக்கு அவரைப் பத்தி என்ன தெரியும்? வாட்ஸ்அப் ஃபார்வர்டு தெரியும். இந்தியாவின் எடிசன், மூணாங்கிளாஸ் படிச்ச விஞ்ஞானி, அவ்வளவுதான். கோயம்புத்தூருக்கு இன்டர்வியூ போனவங்களுக்கு அவிநாசி ரோட்டுல பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு அவர் பேர்ல இருக்கிற மேம்பாலம் தெரியும். நானும் அந்த லெவல்தான்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் தேதி கோவைக்குக் கிழக்கே கலங்கல் கிராமத்துல பிறந்தார். விவசாயக் குடும்பம், பருத்தி விளையுற பூமி. சின்ன வயசுலயே அம்மா இறந்துட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்கும் ஒத்துவரலை, அவர் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரலை. வாத்தியார் மேல மண்ணை வீசிட்டு ஓடினார்னு ஒரு கதை உண்டு. படிப்பு தொடக்கப் பள்ளியோட முடிஞ்சது. அதுக்கப்புறம் தோட்ட வேலை.

அவர் வாழ்க்கை திரும்பின இடம் ஒரு பிரேக்டவுன். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், அதனால கொஞ்சம் மெதுவாவே சொல்றேன். ஒரு வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி, ரட்ஜ் மோட்டார் சைக்கிள்ல அந்தப் பக்கம் வருவார். ரட்ஜ் இங்கிலாந்துல கவென்ட்ரியில தயாரான வண்டி. முதல்ல சைக்கிள் செஞ்சுக்கிட்டிருந்த கம்பெனி, 1911லதான் மோட்டார் சைக்கிள் விற்க ஆரம்பிச்சாங்க. ஒரே சிலிண்டர், 499 சி.சி., மேக்னெட்டோ இக்னிஷன், பின் சக்கரத்துக்கு செயின் கிடையாது, பெல்ட். மாட்டு வண்டித் தடத்துல அது வந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அந்த வண்டி ஒரு நாள் நின்னு போச்சாம். அதிகாரி மண்ணெண்ணெயும் துணியும் கேட்க, பக்கத்துல நின்ன துரைசாமி ஓடிப்போய் வாங்கிட்டு வந்து கொடுத்தாராம். அதிகாரி எதையோ கழட்டித் துடைச்சு மாட்டினதும் வண்டி கிளம்பிடுச்சு. இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. ஆனா எல்லாக் கதையிலயும் முடிவு ஒண்ணுதான்: அந்த வண்டி தனக்கு வேணும்னு அந்தப் பையன் முடிவு பண்ணிட்டார்.

வாங்கி ஓட்டுறதுக்கு இல்லை, கழட்டிப் பார்க்குறதுக்கு.

கையில காசு கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்பி கோயம்புத்தூர்ல ஒரு ஹோட்டல்ல சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். வருஷக்கணக்கா இட்லி பரிமாறிச் சேர்த்த சில நூறு ரூபாயை எடுத்துக்கிட்டுப் போய், அதே அதிகாரிகிட்ட அதே ரட்ஜை வாங்கினார். வாங்கினதும் முழுசாப் பிரிச்சுப் போட்டார். திரும்ப மாட்டினார். மறுபடி பிரிச்சார். மேனுவல் இருந்திருந்தாலும் அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. எந்தப் பாகம் எதைத் தள்ளுது, எது எதுக்காகக் காத்திருக்குதுன்னு கை வழியாவே கத்துக்கிட்டார். அப்படித்தான் மெக்கானிக் ஆனார்.

இந்த இடத்துல நான் லேப்டாப்பை மூடிட்டேன். நாலு வருஷத்துல நம்ம லேப்ல நான் எத்தனை இன்ஜினைப் பிரிச்சிருக்கேன்? ஒண்ணு. அதையும் பத்து பேர் சேர்ந்து. என் பங்குக்கு ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அப்சர்வேஷன் நோட்டை சீனியர்கிட்ட இருந்து காப்பி அடிச்சேன். நீங்களும் அப்படித்தானேன்னு கேட்க மாட்டேன்.

நாயுடு ஒரே பாய்ச்சல்ல மேல போயிடலை. நடுவுல திருப்பூர்ல பஞ்சுத் தொழில் பண்ணிப் பணம் பார்த்தார். அந்தப் பணத்தை எடுத்துக்கிட்டு பம்பாய் பஞ்சு மார்க்கெட்டுக்குப் போய் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தார். திரும்ப முதல்ல இருந்து. 1920ல ஸ்டேன்ஸ் துரை கைகொடுக்க, ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சியில இருந்து பழனி, அறுபது கிலோமீட்டர் சொச்சம். டிரைவர் அவரே. வண்டி வழியில நின்னா மெக்கானிக்கும் அவரே. அந்தக் காலத்து ரோட்டுல வண்டி வழியில நிக்காத நாள் இருந்திருக்குமாங்கிறது சந்தேகம்தான். அந்த ஒரு பஸ் யு.எம்.எஸ்.ஸா வளர்ந்து, 1930கள்ல இருநூறுக்கும் மேல பஸ் ஓட்டுற கம்பெனியாச்சு.

இருநூறு பஸ்னா என்ன அர்த்தம்னு ஒரு மெக்கானிக்கல் மாணவனா யோசிங்க. தினமும் இருநூறு விதமான கோளாறு. ஒண்ணுல சத்தம், ஒண்ணுல சூடு, ஒண்ணுல குலுக்கல். எல்லாத்துக்கும் பாகத்தை மாத்திக்கிட்டே இருந்தா கம்பெனி ஒரு வருஷம்கூடத் தாங்காது, ஏன்னா ஒவ்வொரு பாகமும் கப்பல்ல வரணும். கோளாறு எங்கேன்னு கண்டுபிடிச்சாத்தான் பிழைப்பு. நாயுடு பின்னாடி கண்டுபிடிப்பாளர் ஆனதுக்குக் காரணம் மேதைத்தனம் மட்டும் இல்லை, இந்தப் பஸ் ஷெட்டும்தான்னு நான் நினைக்கிறேன்.

இப்ப மாமா காருக்குத் திரும்புறேன். ரெண்டு வாரம் கழிச்சு வெட்கத்தை விட்டு ஊருக்குப் போய், மாமாவையும் காரையும் கூட்டிக்கிட்டு பைபாஸ் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அண்ணாச்சிக்கு அறுபது வயசு இருக்கும். நான் கிளட்ச் மாத்தின கதையைச் சொன்னதும் அவர் சிரிக்கக்கூட இல்லை. அது இன்னும் மோசமா இருந்துச்சு. எந்த ரோட்டுல குலுங்குதுன்னு கேட்டார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. நம்ம கரிசல் மண்ணு மழையில ஊதும், வெயில்ல சுருங்கிப் பிளக்கும். அதுக்கு மேல போட்ட கிராமத்து ரோடு ரெண்டு வருஷத்துல அலை அலையா ஆயிடும். சிவில் பசங்களைக் கேளுங்க, விரிவடையும் களிமண்ணுன்னு ஒரு யூனிட்டே அவங்களுக்கு இருக்கு. விளாத்திகுளம் பக்கம் ஒரு ரோட்டுல எந்தக் காரும் குலுங்கத்தான் செய்யும். அதனால முதல்ல ரோட்டைக் கழிக்கணும். அண்ணாச்சி காரை நாலுவழிச் சாலைக்கு எடுத்தார்.

அறுபதுல போயி, நியூட்ரல்ல போட்டு, பிரேக்கை மட்டும் அழுத்தினார். வண்டி வெண்ணெய் மாதிரி நின்னுச்சு, பெடல்லயும் துடிப்பு இல்லை. டிஸ்க் வளைஞ்சிருந்தா இங்கேயே காலைத் தட்டியிருக்கும். அப்போ பிரேக் இல்லை. அடுத்தது மூணாவது கியர்ல, பிரேக்கே தொடாம, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை மட்டும் எடுத்தார். வேகம் இறங்கி இறங்கி, முப்பது சொச்சத்துல டக். திரும்பச் செஞ்சார், அதே இடத்துல டக். ரெண்டாவது கியர்ல செஞ்சார், இப்ப அதைவிடக் குறைஞ்ச வேகத்துல டக். ஏ.சி. போட்டா கொஞ்சம் அதிகம்.

வேகம் மாறுது, ஆனா இன்ஜின் சுத்துற வேகம் ரெண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இது சக்கரம் பக்கத்துக் கோளாறு இல்லை, இன்ஜின் பக்கத்துது. கிளட்ச்சை மிதிச்சா குலுக்கல் நின்னுச்சே? நிக்கத்தான் செய்யும். கிளட்ச்சை மிதிச்சா இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துடுது, இன்ஜின் என்ன ஆட்டம் ஆடினாலும் நம்ம சீட்டுக்கு வராது. பக்கத்து வீட்டுல சண்டை, நம்ம கதவைச் சாத்தினதும் சத்தம் குறைஞ்சுது, அதனால கதவுலதான் கோளாறுன்னு சொன்ன ஆள் நான்.

பட்டறைக்கு வந்து ஏர் ஹோஸைக் கழட்டினார். த்ராட்டில் பாடிக்குள்ள, அந்த வட்டத் தகட்டைச் சுத்தி கருப்பா, தார் மாதிரி அப்பிக் கிடந்தது. இன்ஜினுக்குள்ள இருந்து திரும்ப வர்ற எண்ணெய் ஆவியும் புழுதியும் சேர்ந்து உருவாகுற அடை அது. மாமா ஏர் ஃபில்டர் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. கோடையில கரிசக்காட்டு ஓரமா தினமும் ஓடுற வண்டி. கேட்கணுமா?

இந்த இடத்துல மட்டும் எனக்கு ஒண்ணு தெரிஞ்சிருந்தது. ஏழாவது செமஸ்டர் எலெக்டிவ்ல படிச்சது. இப்போதைய பெட்ரோல் இன்ஜின்ல, ஓடும்போது ஆக்சிலரேட்டரை முழுசா விட்டா, பெட்ரோல் வீணாக வேண்டாம்னு இ.சி.யூ. இன்ஜெக்டரை மூடிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். சுத்து குறைஞ்சு ஐடில் வேகத்துக்குப் பக்கத்துல வரும்போது, நின்னுடக் கூடாதுன்னு மறுபடி பெட்ரோலைத் திறந்து விடும். பெட்ரோல் திரும்ப வர்ற அந்த நொடியில காத்தும் சரியான அளவுல இருக்கணும். அந்தக் காத்து போற சந்து இந்த அடையால அடைச்சிருந்தா, இன்ஜின் தடுமாறித்தான் எந்திரிக்கும். அந்தத் தடுமாற்றம்தான் நம்ம டக். நான் இதைச் சொன்னதும் அண்ணாச்சி தலையாட்டினார். இருபது வருஷமா அந்த அடையைச் சுரண்டுறவர், ஏன் அந்த வேகத்துல மட்டும் குலுங்குதுன்னு இப்பத்தான் கேள்விப்படுறாராம். என் நாலு வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு அதுதான்.

கிளீனர் அடிச்சு, துணியால துடைச்சு, ஐடில் வால்வையும் சுத்தம் பண்ணி, புது ஏர் ஃபில்டர் போட்டார். வேற எதையும் தொடலை. ஓட்டிப் பார்த்தோம். குலுக்கல் பாதியாயிடுச்சு, ஆனா போகலை. அப்புறம்தான் பானெட்டைத் திறந்து வச்சு, ஹேண்ட் பிரேக்கோட ஃபுட் பிரேக்கையும் மிதிச்சுக்கிட்டு, முதல் கியர்ல கிளட்ச்சை லேசா விட்டார். என்னைப் பக்கவாட்டுல நிக்கச் சொன்னார், முன்னாடி நிக்க விடலை. இன்ஜின் ஒரு பக்கமா எம்பி எந்திரிச்சுது. ஒரு மவுன்ட்டோட ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு. இன்ஜின் சின்னதாத் தடுமாறினாக்கூட இந்தக் கிழிசல் அதைப் பெருசாக்கிக் கொடுத்திருக்கு. மவுன்ட்டையும் மாத்தினதும் சுத்தமா நின்னுச்சு. ரெண்டுக்கும் சேர்த்து, கூலியோட, கிளட்ச் செலவுல மூணுல ஒரு பங்குகூட ஆகலை. ரெண்டையும் ஒண்ணா மாத்தியிருந்தா எது எவ்வளவு காரணம்னு தெரியாமலே போயிருக்கும், கவனிச்சீங்களா?

நாயுடுவுக்கு வர்றேன். பஸ்ல சம்பாதிச்சதுக்கு அப்புறம் அவர் கை எதையும் சும்மா விடலை. 1937ல டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து பீளமேட்டுல மின்மோட்டார் தயாரிச்சார். இந்தியாவுலயே தயாரான முதல் மின்மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க. இன்னைக்கு நம்ம பக்கம் கிணத்து மேட்டுல ஓடுற மோட்டார்கள்ல பெரும்பாலும் கோயம்புத்தூர் பேர் இருக்கும், பார்த்திருப்பீங்க. பேட்டரியில ஓடுற ரசாந்த் ஷேவிங் ரேசர், மெல்லிசு பிளேடு, பழச்சாறு பிழியுற கருவி, மண்ணெண்ணெய்ல ஓடுற ஃபேன், ஓட்டு போடுற மெஷின். 1941ல அஞ்சு வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குக் கொடுக்க முடியும்னு அறிவிச்சார். கேமரா பைத்தியமும் உண்டு, 1936ல லண்டன்ல அஞ்சாம் ஜார்ஜ் மன்னரோட இறுதி ஊர்வலத்தைப் படம் பிடிச்சார். தோட்டத்துல பத்தடி உயரத்துக்குப் பருத்திச் செடி வளர்த்தார். பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிற ஊர்க்காரன் நான், எனக்கே அது கொஞ்சம் ஓவராத்தான் தெரியுது. ஆனா அதைப் பார்க்க சர் சி.வி. ராமன் மாதிரி ஆட்களே போயிருக்காங்க.

1952ல ரெண்டு பேர் போற பெட்ரோல் கார் ஒண்ணு செஞ்சார். விலை ரெண்டாயிரம் ரூபாய்னு கணக்குப் போட்டார். தயாரிக்க அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கலை. கார் அங்கேயே நின்னுடுச்சு. வரிச் சட்டங்களோடயும் அவருக்குத் தீராத சண்டை. கோபத்துல தான் செஞ்ச பொருட்களைத் தானே ஜனங்க முன்னாடி போட்டு உடைச்சார். அது எனக்குப் புரியலை. அவ்வளவு ஆசையாப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டின கை, எப்படி உடைக்கும்? ஜெயிச்ச கதையா மட்டும் அவரைச் சொல்றவங்க இந்தப் பகுதியைச் சீக்கிரமாத் தாண்டிப் போயிடறாங்க.

ஆனா நம்மளை நேராத் தொடுற பகுதி 1945ல வருது. அப்போ மெட்ராஸ் கவர்னர் சர் ஆர்தர் ஹோப். நாயுடு கொடுத்த நன்கொடையில, கவர்னர் பேர்ல ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினியரிங் காலேஜும் பீளமேட்டுல ஆரம்பமாச்சு. மூணாங்கிளாஸ் படிச்சவர் பிரின்சிபால். அந்தக் காலேஜ் பின்னாடி தடாகம் ரோட்டுக்கு மாறி, இன்னைக்கு ஜி.சி.டி. நம்மள்ல எத்தனை பேர் கவுன்சிலிங்ல அந்தப் பேரை முதல் சாய்ஸா போட்டுக் கிடைக்காம இங்க வந்திருக்கோம்! காலேஜ் போயிடுச்சு, ஆனா அவிநாசி ரோட்டுல பஸ் ஸ்டாப் பேர் இன்னும் ஹோப் காலேஜ்தான்.

அந்தப் பதவியில அவர் ரொம்ப நாள் இருக்கலை. நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்பு மாணவங்களோட நேரத்தை வீணடிக்குது, ரெண்டு வருஷமே தாராளம்னு அவர் வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கலை. விலகிட்டார். வேணும்னா வாரக்கணக்குல முடியுற பயிற்சியிலயே மோட்டார் வேலையும் ரேடியோ வேலையும் சொல்லிக் கொடுத்துக் காட்டுறேன்னு, அதையும் நடத்தினார்.

எட்டாவது செமஸ்டர் ஃபீஸ் கட்டின அதே வாரம் இதைப் படிச்சேன். வீட்டுல வாங்கின எஜுகேஷன் லோன் உங்களுக்கும் இருக்கும், அதனால வலி தெரியும். காலேஜுக்குப் பணம் கொடுத்த ஆளே பாதி வேஸ்ட்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.

நான் பல நாள் யோசிச்சேன். முழுசா ஒத்துக்க முடியலை. ரட்ஜ் வண்டியில எல்லாமே கண்ணுக்குத் தெரியும், பிரிச்சா விளங்கும். இ.சி.யூ.வைப் பிரிச்சா என்ன தெரியும்? இன்ஜெக்டர் எப்ப மூடுது எப்ப திறக்குதுன்னு ஸ்பேனர் சொல்லாது, அதுக்கு யாராவது போர்டுல வரைஞ்சு காட்டித்தான் ஆகணும். ஆனா அவர் சொன்னதுல ஒரு பாதி என்னை விடவே மாட்டேங்குது. அந்த எலெக்டிவ்ல எனக்கு ஏ கிரேடு. இன்ஜெக்டர் எப்ப திறக்கும்னு பரீட்சையில கிராஃப் போட்டு எழுதியிருக்கேன். அதே விஷயம் மாமா கார் சீட்டுல என் முதுகைத் தட்டினப்போ எனக்கு அடையாளம் தெரியலை. அண்ணாச்சி ஹோஸைக் கழட்டினதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. வீணானது அந்த ரெண்டு வருஷமா, இல்ல நான் அதைப் படிச்ச விதமா? இதுல உங்க பதில் வேறயா இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடலாம்.

நாயுடு 1974 ஜனவரி 4ஆம் தேதி இறந்தார். எண்பது வயசு. கோவை அவிநாசி ரோட்டுல அவர் பேர்ல காட்சியகம் இருக்கு, அதே வளாகத்துல பழைய கார் மியூசியமும் இருக்கு. இன்டர்வியூவுக்குப் போறவங்க ரயிலுக்கு நேரம் இருந்தா எட்டிப் பாருங்க.

மாமா வீட்டுக் கொல்லையில அந்தப் பழைய கிளட்ச் பிளேட் கிடந்துச்சு. எடுத்துட்டு வந்து நம்ம மெட்ராலஜி லேப்ல வெர்னியர் வச்சு அளந்தேன். ரிவெட் தலைக்கு மேல ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமா லைனிங் பாக்கி இருந்தது. இன்னும் எவ்வளவோ தூரம் ஓடியிருக்கும். மாமா அந்த ஒன்பதாயிரத்தை என்கிட்ட ஒரு தடவைகூடக் கேட்கலை. ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிஞ்சதுல இருந்து ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி பட்டறைக்குப் போறேன், ஒரு நாளைக்கு முந்நூறு தர்றார். இதுவரைக்கும் மூவாயிரம் கொடுத்திருக்கேன், இன்னும் ஆறாயிரம் பாக்கி.